கால் சார்ஜ் போயிருச்சு, வாடகை போகல: கம்பெனிக்கு சொந்த நெட்வொர்க் எப்போ கட்டுப்படியாகும்?

திருப்பூர், கோயமுத்தூர் பக்கம் நாலஞ்சு யூனிட் வெச்சு நடத்துற நடுத்தர கம்பெனி ஓனர்கள் கிட்ட மாசம் போன், நெட்டுக்கு எவ்ளோ ஆகுதுன்னு கேட்டா, "இப்பெல்லாம் கால் ஃப்ரீதானுங்களே, பெருசா ஒண்ணும் இல்லீங்க"ன்னுதான் பதில் வரும். ஆனா அக்கவுண்ட்ஸ்ல உக்காந்து ஒரு வருஷத்து பில்லையும் ஒண்ணா எடுத்து வெச்சா கணக்கு வேற மாதிரி இருக்கும். பிஆர்ஐ லைன் (ஒரே இணைப்புல பல வெளிக் கால் போற ஆபீஸ் போன் லைன்) வாடகை, யூனிட்டுகள இணைக்கிற எம்பிஎல்எஸ் லிங்க் வாடகை, ஆபீஸ் உள் எக்ஸ்சேஞ்சான இபிஏபிஎக்ஸ் மெஷினுக்கு வருஷப் பராமரிப்புக்குன்னு ஏஎம்சி, நெட் வழியா ஓடற கிளவுட் போனுக்கு ஆளுக்கு இவ்ளோன்னு மாசக் கட்டணம், மீட்டிங் ஆப்புக்கு தனி, சாட் ஆப்புக்கு தனி. ஒவ்வொண்ணும் வேற தேதில வேற தலைப்புல போறதால மொத்தமா எவ்ளோங்கறது யார் கண்ணுலயும் படறதில்ல, அதுவும் பாதி ஆட்டோ டெபிட்ல போயிட்டிருக்கும்.

இத புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும். 2000-க்கு முன்னாடி தூரத்து ஊருக்கு எஸ்டிடி போட்டா பகல்ல நிமிஷத்துக்கு இருபது ரூபாய்க்கு மேல ஆகும், ராத்திரி ரேட் குறையுற நேரம் பாத்து பூத்துல கியூ நிப்பாங்க. அப்போ கம்பெனிக்கு செலவுன்னா அது நிமிஷம்தான், பேசுற நேரத்த குறைச்சா பில் குறையும். 2006 மார்ச் 1-ஆம் தேதி பிஎஸ்என்எல் ஒன்இந்தியா பிளான் கொண்டு வந்து நாடு முழுக்க நிமிஷத்துக்கு 1 ரூபாய்னு ஆக்குச்சு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து கால்ங்கறதே டேட்டாவோட சும்மா வர்ற சமாச்சாரமாயிருச்சு. ஒரு கம்பெனி நெட்வொர்க்குல இருந்து இன்னொரு கம்பெனி நெட்வொர்க்குக்குப் போற காலுக்கு ஆபரேட்டருங்க தங்களுக்குள்ள கொடுத்துக்கிட்டிருந்த 14 பைசா 2017-ல 6 பைசாவாச்சு, 2021 ஜனவரி 1-ல இருந்து மொபைலுக்கு அது பூஜ்யம்.

அதாவது நிமிஷத்துக்குன்னு இருந்த விலை செத்துப்போச்சு. ஆனா ஆபரேட்டரும் சாஃப்ட்வேர் கம்பெனியும் வருமானம் இல்லாம இருக்க முடியாதுல்ல, அதனால காசு நிமிஷத்துல இருந்து வாடகைக்கு இடம் மாறிருச்சு. பேசினாலும் பேசாட்டியும், ஆள் லீவுல இருந்தாலும், தீபாவளிக்கு மில்லு பத்து நாள் மூடிக் கிடந்தாலும் வாடகை ஓடும். நான் சொல்ல வர்றது இதுதான்: இன்னைக்கு செலவ குறைக்கணும்னா கால் ரேட்ட பத்திப் பேரம் பேசறதுல பிரயோஜனம் இல்ல, வாடகைல எதெல்லாம் நாமளே செஞ்சுக்கலாம்னு பாக்கணும், அதையும் எல்லாத்தையும் இழுத்து தலைல போட்டுக்காம பாக்கணும்.

முதல்ல லைன் எத்தன வேணும்ங்கற கணக்கு, ஏன்னா இங்கதான் பெரும்பாலான இடத்துல காசு வீணாகுது. ஒரு பிஆர்ஐ லைன்னா ஒரே நேரத்துல 30 பேர் வெளிய பேசலாம், அததான் 30 சேனல்ங்கறது. 50 எக்ஸ்டென்ஷன் இருக்கிற ஆபீஸ்ல "30 சேனல் பத்துமா, இன்னொண்ணு போட்டுக்கலாமா"ன்னு விக்க வர்றவரு கேப்பாரு, நாமளும் தலையாட்டுவோம். இதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே விடை கிடைச்சிருச்சு. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனில வேலை பாத்த எர்லாங்னு ஒரு டேனிஷ் கணக்கு வாத்தியார் மாதிரியான எஞ்சினியர், இத்தன பேர் இவ்ளோ நேரம் பேசினா எத்தன லைன் இருந்தா பிஸி டோன் வராதுன்னு 1917-லயே ஃபார்முலா போட்டு எழுதிட்டாரு. அதுல போட்டுப் பாருங்க: 50 பேர், ரொம்ப பிஸியான ஒரு மணி நேரத்துல ஆளுக்கு 6 நிமிஷம் வெளிய பேசறாங்கன்னா மொத்தம் 300 நிமிஷம், 60-ஆல வகுத்தா 5 எர்லாங், அதாவது சராசரியா ஒரே நேரத்துல 5 கால் ஓடுது. நூத்துல ஒரு காலுக்கு மேல பிஸி ஆகக்கூடாதுன்னா 11 சேனல் போதும். 30 சேனல் இருந்தா இதே அளவு பேசற 200 பேர தாங்கும். 50 பேருக்கு அத வாடகைக்கு எடுத்தா பாதிக்கு மேல சும்மா கிடக்குது, அதுக்கும் மாசாமாசம் காசு.

இந்தக் கணக்குக்கு பழைய இபிஏபிஎக்ஸ்ல இருந்தே கால் ரெக்கார்டு (எந்தக் கால் எப்போ, எத்தன நிமிஷம்ங்கற பட்டியல்) எடுக்கலாம். ஒரு மாசத்து டேட்டாவ எக்செல்ல போட்டு எந்த மணி நேரத்துல அதிக நிமிஷம் ஓடிருக்குன்னு பாத்தா போதும். நெட்வொர்க்க சொந்தமா நடத்துற எண்ணமே இல்லாதவங்க கூட இத மட்டுமாவது செய்யணும்னு நான் கேட்டுக்குவேன், ஒரு சாயந்தரத்து வேலைதான்.

அடுத்து யூனிட்டுகள இணைக்கிற லிங்க். நிட்டிங் ஒரு இடத்துல, டையிங் பெருந்துறைல, கார்மெண்ட்ஸ் அவிநாசி ரோட்டுல, ஹெட் ஆபீஸ் டவுனுக்குள்ள, பையரோட ஆர்டர பாத்துக்கிற மெர்ச்சண்டைசர் ஆபீஸ் சென்னைலன்னு இருக்கும். ஈஆர்பி (ஆர்டர், ஸ்டாக், கணக்கு பாக்கிற சாஃப்ட்வேர்), கேமரா, போன் எல்லாம் ஒரே நெட்வொர்க் மாதிரி ஓடணும். இதுக்குத்தான் எம்பிஎல்எஸ் வாங்கினாங்க, ஆபரேட்டரே தன்னோட நெட்வொர்க்குக்குள்ள நமக்குன்னு ஒரு தனி வழி ஒதுக்கித் தருவான், தாமதம் இவ்ளோதான்னு எழுத்துல கேரண்டி உண்டு. நல்ல சரக்குதான், ஆனா 4 எம்பிபிஎஸ், 10 எம்பிபிஎஸ்க்கு கொடுக்கிற காசுல சாதா ஃபைபர் பிராட்பேண்ட் 100, 200 எம்பிபிஎஸ்ஸே ரெண்டு மூணு வாங்கலாம். ஒரு போன் கால் எவ்ளோ டேட்டா தின்னும்? ஜி711ங்கற நல்ல தரத்துல பேசினாலே ஒரு பக்கத்துக்கு 80 கிலோபிட்டு, அத விபிஎன் டனலுக்குள்ள (இன்டர்நெட்டுக்குள்ளயே நமக்குன்னு பூட்டுப் போட்ட தனி வழி) மூடி அனுப்பினா 100 கிலோபிட்டுக்குக் கொஞ்சம் மேல. இருபது பேர் ஒரே நேரத்துல பேசினாலும் ரெண்டு எம்பிபிஎஸ் சொச்சம். எழுத்துல இருக்கிற கேரண்டிக்கு பதிலா ரெண்டு வேற வேற கம்பெனி பிராட்பேண்ட் போட்டு, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணுல தானா மாறுற மாதிரி ராவுட்டர செட் பண்றதுதான் இதோட அடிப்படை ஐடியா.

அந்த விபிஎன் போடறது இப்போ சுலபம். ஜேசன் டோனன்ஃபெல்டுன்னு ஒருத்தர் எழுதின வயர்கார்ட்ங்கற விபிஎன் சாஃப்ட்வேர் 2020 மார்ச்சுல லினக்ஸ் 5.6 கெர்னலோடயே சேந்து வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஐபிசெக்ங்கற பழைய வகை விபிஎன் செட் பண்றதுன்னா தெரிஞ்சவன் மட்டும்தான் கை வைக்க முடியும், ரெண்டு பக்கமும் பத்து பதினஞ்சு செட்டிங் அச்சு பிசகாம ஒத்துப்போகணும். வயர்கார்ட்ல ரெண்டு பக்கமும் ஒரு சாவி, எந்த அட்ரஸ் எந்தப் பக்கம்னு ஒரு வரி, அவ்ளோதான். மைக்ரோடிக் ராவுட்டர்ல வெர்ஷன் 7-ல இருந்து உள்ளயே இருக்கு, தனி லைசன்ஸ் காசு கிடையாது. நம்ம ஊர்ல ஒரு சிக்கல் உண்டு: வீட்டு பிராட்பேண்டு, மொபைல் டேட்டா பெரும்பாலும் சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருக்கும், அதாவது உங்களுக்குன்னு தனி பப்ளிக் ஐபி கிடையாது, நிறைய பேருக்கு ஒரே ஐபி. அதனால வெளிய இருந்து யாரும் உங்க ராவுட்டர நேரா கூப்பிட முடியாது. ஹெட் ஆபீஸ்ல மட்டும் ஒரு ஸ்டாட்டிக் ஐபி வாங்கினா போதும், மத்த யூனிட்டெல்லாம் அத நோக்கி டனல் போட்டுக்கும், 25 செகண்டுக்கு ஒரு தடவ சின்ன பாக்கெட் அனுப்பி வழிய திறந்தே வெச்சுக்கிற செட்டிங்கும் இருக்கு.

ரெண்டு லைன் எடுக்கும்போது பில்லுல ரெண்டு கம்பெனி பேரு இருந்தா மட்டும் பத்தாது. நம்ம ஊர்ல பாதி கேபிள் ஈபி கம்பத்துல தொங்கிட்டுத்தான் வருது. ரெண்டு கம்பெனி கேபிளும் ஒரே கம்பத்துல வந்தா, சரக்கு ஏத்தின லாரி ஒண்ணு உரசிட்டுப் போனா ரெண்டும் ஒண்ணா போயிரும். லைன் எந்தத் தெரு வழியா வருதுன்னு இன்ஸ்டாலேஷனுக்கு வர்ற பையன் கிட்டயே கேட்டு, நடந்து போய்ப் பாத்துக்கணும், ஒண்ணு வடக்குப் பக்கம் வந்தா இன்னொண்ணு தெக்குப் பக்கமா வரட்டும். மூணாவதா ஒரு 4ஜி சிம் போட்ட ராவுட்டர் இருந்தா போனும் ஈஆர்பியும் ஓடற அளவுக்குத் தாங்கும்.

யூனிட்டுகள் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர்ல இருந்து ஒண்ணுக்கொண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சா லைனே வேணாம், மொட்டை மாடில ரெண்டு ரேடியோ வெச்சு நேரடியா இணைச்சிரலாம். 2018 அக்டோபர்ல மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பேண்ட்ல பெரிய பகுதிய வெளிப்புற உபயோகத்துக்கும் லைசன்ஸ் இல்லாம திறந்து விட்டுச்சு, சொல்லிருக்கிற பவர் அளவுக்குள்ள, அங்கீகாரம் வாங்கின கருவியா இருந்தா போதும். ஆனா கண்ணுக்குத் தெரியுதுங்கறது மட்டும் கணக்கில்ல. ரெண்டு கிலோமீட்டர் லிங்குன்னா நடுப்பகுதில அந்த நேர்கோட்ட சுத்தி சுமார் அஞ்சு மீட்டர் ஆரத்துக்கு ரேடியோ அலை பரவிப் போகும், அதுல பாதிக்கு மேல மறைவில்லாம இருக்கணும். நம்ம பக்கம் தென்னந்தோப்பு நடுவுல இருந்தா, வெக்கிறப்போ நல்லா இருந்த லிங்க் மரம் வளந்ததும் மழைக்காலத்துல நனைஞ்ச ஓலைல தடுமாறும். ரேடியோ வெக்கிற கம்பத்தோட (மாஸ்ட்) உயரத்த அதுக்குத் தக்க போடணும், இடிதாங்கியும் எர்த்தும் முக்கியம், ஐப்பசி மாச இடிக்கு ஒரு ரேடியோவோட போகாது, கேபிள் வழியா இறங்கி ஸ்விட்ச்சையும் சேத்து எரிச்சிரும்.

இப்போ போன் எக்ஸ்சேஞ்ச். 1999-ல மார்க் ஸ்பென்சருங்கற அமெரிக்க காலேஜ் பையன் தன்னோட சின்ன கம்பெனிக்கு இபிஏபிஎக்ஸ் வாங்க காசு இல்லாம தானே எழுதினதுதான் ஆஸ்டரிஸ்க். இன்னைக்கு வாய்ஸ் மெயில், "விற்பனைக்கு 1 அழுத்தவும்", கால் ரெக்கார்டிங், கான்ஃபரன்ஸ், கியூன்னு பெரிய மெஷின் செய்யற எல்லாத்தையும் ஒரு சாதா கம்ப்யூட்டர்ல ஓட்டும். ஃப்ரீபிபிஎக்ஸ் அதுக்கு மேல பிரவுசர்ல கிளிக் பண்ணி நடத்துற முகப்பு. அஞ்சு யூனிட்டும் விபிஎன்ல இணைஞ்சிருச்சுன்னா எல்லா எக்ஸ்டென்ஷனும் ஒரே எக்ஸ்சேஞ்சுல உக்காந்துக்கும், டையிங் மாஸ்டர் 3 நம்பர் அழுத்தினா மெர்ச்சண்டைசர் எடுப்பாரு. வெளி உலகத்துக்கு மட்டும் லைசன்ஸ் இருக்கிற ஆபரேட்டர் கிட்ட எஸ்ஐபி டிரங்க் (நெட் வழியா வர்ற வெளி போன் லைன்), அதுவும் எர்லாங் கணக்குப்படி தேவையான சேனலுக்கு மட்டும்.

ரூபாய்ல பாக்கலாம். இது கணக்கு புரியறதுக்காக நானா வெச்சுக்கிற விலை, உங்க பில்ல பாத்து மாத்திப் போட்டுக்குங்க. 5 இடம், 50 போன். கிளவுட் போன் ஆளுக்கு மாசம் 600 ரூபாய்னா வருஷத்துக்கு 3,60,000. நாலு கிளைக்கு எம்பிஎல்எஸ் மாசம் 12,000 வீதம் வருஷத்துக்கு 5,76,000. ஆக 9,36,000. சொந்தமா செஞ்சா: அஞ்சு இடத்துலயும் ரெண்டு ரெண்டு பிராட்பேண்ட், ஒண்ணுக்கு 1,500-ன்னா வருஷத்துக்கு 1,80,000, எஸ்ஐபி டிரங்க் மாசம் 6,000 வீதம் 72,000, நெட்வொர்க் பாத்துக்கிற ஆளோட சம்பளத்துல இந்த வேலைக்கான பங்கு மாசம் 15,000-ன்னா 1,80,000. கூட்டினா 4,32,000. இதுக்கு மேல ஒரு தடவ செலவு: ராவுட்டர் 60,000, சர்வர் ரெண்டு ஒரு லட்சம், ஐபி போன் 50-க்கு ரெண்டு லட்சம், ஸ்விட்ச், யுபிஎஸ், வயரிங் ஒன்றரை லட்சம், மொத்தம் 5,10,000. வருஷத்துக்கு மிச்சம் 5,04,000, அப்போ போட்ட காசு ஏறக்குறைய ஒரு வருஷத்துல திரும்பிரும்.

ஆளோட சம்பளத்த நான் வேணும்னேதான் சேத்திருக்கேன். "நம்ம சிஸ்டம் பையன் பாத்துக்குவான்"னு அத பூஜ்யமா போட்டு கணக்குக் காட்டறவங்கதான் ஆறு மாசத்துல திரும்ப பழைய இடத்துக்கே போறாங்க. இதே கணக்க ஒரே பில்டிங்ல 12 பேர் இருக்கிற ஆடிட்டர் ஆபீஸுக்குப் போட்டுப் பாருங்க: கிளவுட் போன் வருஷத்துக்கு 86,400, எம்பிஎல்எஸ் கிடையவே கிடையாது. ஆள் செலவே அத தாண்டிரும். அவங்க சொந்த எக்ஸ்சேஞ்ச் வைக்க வேண்டியதில்ல, மாசம் காசு கொடுத்துட்டு தொழில பாக்கறதுதான் நியாயம். மிச்சம் வர்றது யூனிட் எண்ணிக்கைலயும் ஆள் எண்ணிக்கைலயும்தான், ஆர்வத்துல இல்ல.

சொந்தமா நடத்தினா என்னென்ன நம்ம தலைல விழும்னும் சொல்லிரணும். முதல்ல கரண்ட். பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சுல இருந்தே 48 வோல்ட் வந்துச்சு, ஊரே இருட்டா இருந்தாலும் போன் அடிக்கும். ஐபி போனுக்கு ஸ்விட்ச், ராவுட்டர், ஃபைபர் டப்பா, சர்வர் நாலும் உயிரோட இருக்கணும். ஒவ்வொரு போனுக்கும் தனி அடாப்டர் வேணாம், பிஓஇ ஸ்விட்ச் போட்டா நெட் கேபிள்லயே கரண்ட் போகும், போன் அத்தனைக்கும் சேத்து அந்த ஸ்விட்ச் ஒண்ண யுபிஎஸ்ல போட்டா போதும், மத்த மூணும் யுபிஎஸ்ல இருக்கணும். ஃபயர் சர்வீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் கூப்பிட செக்யூரிட்டி ரூம்ல நம்ம நெட்வொர்க்க நம்பாத ஒரு மொபைல் எப்பவும் இருக்கணும், இது ஆள் உயிர் சமாச்சாரம்.

அடுத்தது திருட்டு. எஸ்ஐபி எக்ஸ்சேஞ்ச இன்டர்நெட்டுக்கு நேரா திறந்து வெச்சா, எஸ்ஐபி பேசற வாசலான 5060 போர்ட்ட தேடி அலையற புரோகிராமுங்க கொஞ்ச நேரத்துலயே கதவ தட்ட ஆரம்பிச்சிரும். எக்ஸ்டென்ஷன் 101-க்கு பாஸ்வேர்டும் 101-ன்னு இருந்தா ராத்திரியோட ராத்திரியா வெளிநாட்டு பிரீமியம் நம்பருக்கு ஆயிரக்கணக்குல கால் போட்டுத் தள்ளிருவானுங்க, அந்த நம்பருக்கு வர்ற காசுல அவங்களுக்குப் பங்கு. பில் நம்ம பேருக்கு வரும். எக்ஸ்சேஞ்ச விபிஎன்னுக்கு வெளிய காட்டவே கூடாது, டிரங்க் கொடுக்கிற ஆபரேட்டரோட ஐபிக்கு மட்டும் வழி விடணும், ஐஎஸ்டி தேவையான ரெண்டு மூணு எக்ஸ்டென்ஷனத் தவிர மத்ததுக்கு மூடிரணும், ஆபரேட்டர் பக்கமே ஒரு நாள் வரம்பு போடச் சொல்லிக் கேக்கணும். இதெல்லாம் செய்ய மனசில்லைன்னா சொந்த எக்ஸ்சேஞ்ச் பக்கமே போக வேணாம்.

குரல் தரத்துல வர்ற தொல்லை பெரும்பாலும் ரெண்டே காரணம். நாம பேசறது அவங்களுக்குக் கேக்கும், அவங்க பேசறது நமக்குக் கேக்காதுன்னா அது ராவுட்டர்ல இருக்கிற எஸ்ஐபி ஏஎல்ஜிங்கற செட்டிங்கோட வேலையா இருக்கும், உதவி செய்யறதா நினைச்சு பாக்கெட்ட மாத்தி எழுதிக் கெடுக்கும், அத ஆஃப் பண்ணிருங்க. குரல் விட்டு விட்டு வந்தா யாரோ ஸ்டைல் ஃபோட்டோவையோ கேமரா பதிவையோ மொத்தமா அப்லோட் பண்ணிட்டிருப்பாங்க, ராவுட்டர்ல குரலுக்கு முன்னுரிமை கொடுக்கணும். ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெகண்டுக்குள்ள தாமதம் இருந்தா பேச்சு இயல்பா இருக்கும்ங்கறது உலகத் தொலைத்தொடர்பு அமைப்போட வழிகாட்டல், தமிழ்நாட்டுக்குள்ள நல்ல ஃபைபர்ல அதுல கால்வாசி கூட ஆகாது.

சட்டம் பத்தியும் தெளிவா இருக்கணும். உள்ளுக்குள்ள நம்ம ஆளும் நம்ம ஆளும் பேசிக்கிறது வேற, வெளி டெலிபோன் நெட்வொர்க்குல இருந்து வர்ற கால நம்ம நெட்வொர்க் வழியா வேற ஊருக்கு கொண்டு போய் அங்க வெளிய விடறது வேற. ரெண்டாவது லைசன்ஸ் இருக்கிற ஆபரேட்டர் வேலை, நாம செய்யக்கூடாது. சிம்பாக்ஸ் வெச்சு வெளிநாட்டுக் கால லோக்கல் காலா மாத்தி விடறது நேரா குற்றம், போலீஸ் ரெய்டு நியூஸ் அடிக்கடி பாக்கறோம். பிபிஓ மாதிரி கம்பெனிகள் தொலைத்தொடர்புத் துறை கிட்ட பண்ண வேண்டியிருந்த ஓஎஸ்பி பதிவு 2020 நவம்பர்ல எடுத்தாச்சு, 2021 ஜூன்ல விதிய இன்னும் தளர்த்தினாங்க, ஆனா அதுக்காக எல்லாமே திறந்து விட்டாச்சுன்னு அர்த்தம் இல்ல. உங்க வரைபடத்த டிரங்க் கொடுக்கிற ஆபரேட்டர் கிட்ட காட்டி "இது சரி"ன்னு மெயில்ல வாங்கிக்குங்க. இன்னொண்ணு, 2022 ஏப்ரல் 28-ல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி சிஸ்டம் லாக (சிஸ்டத்துல எப்போ என்ன நடந்துச்சுங்கற பதிவு) 180 நாள் வெச்சிருக்கணும், ஹேக் நடந்தது தெரிஞ்சா 6 மணி நேரத்துக்குள்ள அவங்க கிட்ட சொல்லணும். சொந்தமா சர்வர் நடத்தினா இதுவும் நம்ம பொறுப்பு.

சாட்டுக்கு வர்றேன், ஏன்னா திருப்பூர்ல நிஜமான ஆபீஸ் போன்ங்கறது வாட்ஸாப்தான். அது ஃப்ரீ, யாரும் அத செலவா பாக்கறதில்ல. ஆனா மெர்ச்சண்டைசர் வேலைய விட்டுப் போனா பையரோட நம்பர், அப்ரூவ் பண்ணின ஷேட் கார்டு ஃபோட்டோ, "இந்த பட்டன் ஓகே"ன்னு சொன்ன மெசேஜ் எல்லாம் அவரோட போனோட போயிரும். ஷிப்மெண்ட் நேரத்துல அந்த மெசேஜ் இல்லாம தகராறு வந்தா அதோட விலை எந்த போன் பில்லையும் விடப் பெருசு. மேட்டர்மோஸ்ட், மேட்ரிக்ஸ் மாதிரி நம்ம சர்வர்லயே ஓடற சாட் வெச்சு உள் பேச்ச அங்க கொண்டு வரலாம். பிரான்ஸ் அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு 2019-ல இருந்து மேட்ரிக்ஸ் மேல கட்டின டிசாப்தான் ஓட்டுது. வெளி ஆளுங்களோட வாட்ஸாப்புல பேசறத நிறுத்த முடியாது, கம்பெனி பேர்ல இருக்கிற சிம்முல, கம்பெனி போன்ல பேச வைக்கலாம்.

மெயில் சர்வர மட்டும் தொட வேணாம்னு அழுத்தியே சொல்றேன். மெயில் அனுப்பறது சுலபம், அது போய்ச் சேந்துச்சாங்கறதுதான் பாடு. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மெயில் நம்மளோடதுதான்னு காட்டற செட்டிங் எல்லாம் சரியா போட்டாலும் நம்ம ஐபிய வேற எங்கயோ ஒரு லிஸ்ட்ல கெட்டதுன்னு போட்டுட்டா ஐரோப்பா பையருக்கு அனுப்பின இன்வாய்ஸ் ஸ்பாம்ல கிடக்கும், அவரும் சொல்ல மாட்டாரு, நமக்கும் தெரியாது. இதுக்கு கொடுக்கிற வாடகை நியாயமான வாடகை.

மாத்தற வரிசையும் முக்கியம். முதல்ல ஒரே ஒரு கிளைய மட்டும் விபிஎன்ல இணைச்சு, எம்பிஎல்எஸ்ஸ அப்படியே பக்கத்துல ஓட விட்டு, ஒரு மழைக்காலம் பாத்துட்டு அப்புறம் எம்பிஎல்எஸ்ஸ வெட்டுங்க, அதுவும் ஒப்பந்தத்துல நடுவுல விட முடியாத லாக்-இன் காலம் எப்போ முடியுதுன்னு பாத்துட்டு. அப்புறம் உள் போன். கடைசியாத்தான் வெளி லைன். கான்ஃபிகரேஷன் பேக்கப்பும் அட்மின் பாஸ்வேர்டும் அந்த ஒரு பையன் லேப்டாப்ல மட்டும் இல்லாம சீல் வெச்ச கவர்ல ஓனர் கிட்டயும் இருக்கணும், டொமைன், ஸ்டாட்டிக் ஐபி, டிரங்க் எல்லாமே கம்பெனி பேர்ல, கம்பெனி மெயில் ஐடில பதிஞ்சிருக்கணும்.

பழைய லேண்ட்லைன் நம்பர அவசரப்பட்டு சரண்டர் பண்ணாதீங்க. மொபைல் நம்பர ஆபரேட்டர் மாத்தினாலும் கூடவே எடுத்துட்டுப் போலாம், இந்தியாவுல லேண்ட்லைனுக்கு அந்த வசதி கிடையாது. போர்டு, லெட்டர் ஹெட், கார்ட்டன் பாக்ஸ், பாங்க் ஃபார்ம், ஜிஎஸ்டி பதிவுன்னு இருபது வருஷமா எங்கெங்கயோ அந்த நம்பர் கிடக்கும். 30 சேனல் பிஆர்ஐய நிறுத்தறதுக்கு முன்னாடி, அதே நம்பர சின்ன பிளானுக்கு மாத்தித் தருவியா, இல்ல அதே எக்ஸ்சேஞ்சுல எஸ்ஐபி டிரங்கா மாத்தித் தருவியான்னு அந்த ஆபரேட்டர் கிட்டயே முதல்ல கேளுங்க, முடியாதுன்னா குறைஞ்ச வாடகைல ஒரு லைன மட்டும் வெச்சு புது நம்பருக்கு ஃபார்வர்டு போட்டு, அதுல யாரெல்லாம் இன்னும் கூப்பிடறாங்கன்னு ரெக்கார்டு பாத்து ஒவ்வொருத்தருக்கா புது நம்பர சொல்லிட்டு, கால் வர்றது நின்னதுக்கு அப்புறம் எடுங்க.